நாலேகால் டன் கேப்டன்

சோபாக் கடைக்காரருக்கு எதிலும் பெரிசு வேண்டும். கடையின் பெயர்ப்பலகை கடையைவிடப் பெரிசு. அவர் வாய் அதைவிடப் பெரிசு. அப்படிப்பட்டவர், கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார் ஹோம் வாங்கினால் சும்மா வாங்குவாரா? ஒரே வண்டி இரண்டு ரகத்தில் வந்தது. கூடுதல் பணம் கொடுத்து, அதிக பாரம் தாங்கும் ரகத்தைப் பிடித்தார். கூடவே 'கேப்டன்' என்று எழுதிய தொப்பி ஒன்றையும் வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார். அன்று முதல் வீட்டில் அதுவே அவர் பெயராயிற்று. கிண்டல் அவருக்கு மட்டும் உறைக்கவில்லை.

அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு பஸ் நிறைய ஜனத்தைச் சுமந்துகொண்டு சந்து பொந்தெல்லாம் வளைத்துவிட்டு வருவாள். ஆனால் குடும்பத்தோடு கிளம்பினால் ஸ்டியரிங் கேப்டனுடையது. "நீதான் தினமும் ஓட்டறியே, ரெஸ்ட் எடு" என்பார். கரிசனமெல்லாம் இல்லை. பெண்டாட்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போகிறவன் என்று யாராவது சொல்லிவிட்டால்? கல்யாணத்தின்போது "பஸ் ஓட்டறவதான் உனக்குக் கிடைச்சாளா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட அக்காவைத்தான் இந்த முதல் பயணத்துக்கு அழைத்து வந்திருந்தார்.

கிளம்பும்போதே மனைவி கேட்டாள். "கதவுப் பக்கத்துல ஒரு தகடு அடிச்சிருக்கே, படிச்சீங்களா?"

"வண்டியைப் பத்தி எனக்கே பாடமா?"

நெடுஞ்சாலையில் போக்குவரத்து அதிகாரிகள் கை காட்டி ஓரங்கட்டினார்கள். வண்டியை எடை மேடையில் ஏற்றச் சொன்ன அதிகாரி, உரிமத்தைப் புரட்டிப் பார்த்தார். "இது கார் லைசென்ஸ் சார். இந்த நாட்டுல அதுக்கு மூணரை டன் வரைக்கும்தான். வண்டி மூணே முக்கால் காட்டுது. அதுவும் போக..."

"அவ்வளவுதானே?" என்று வெட்டினார் கேப்டன்.

தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். ஜெனரேட்டரை இறக்கினார். கடையிலிருந்து கொண்டு வந்த சோபாவை முக்கி முனகி இழுத்துப்போட்டார். அப்படியும் கொஞ்சம் இடித்தது. "அக்கா, நீயும் இறங்கிடேன்."

"என்னையும் சாமானோட சேர்த்துட்டியாடா?" என்று திட்டிக்கொண்டே இறங்கினாள் அக்கா.

எண் மூன்றரைக்குக் கீழே வந்தது. கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இப்ப என்ன சொல்றீங்க?"

"அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்க விடல. இப்ப என்ன எடை இருக்குங்கறது உங்க லைசென்ஸுக்குக் கணக்கே இல்ல. அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்னு தகட்டுல போட்டிருக்கு பாருங்க, அதுதான் கணக்கு. நாலேகால் டன். காலி வண்டின்னாலும் நீங்க ஓட்டக் கூடாது. ஹெவி லைசென்ஸ் உள்ளவங்க யாராவது எடுத்தா போகலாம். இல்லன்னா வண்டி இங்கதான் நிக்கும்."

சின்ன ரகத்தின் தகட்டில் மூன்றரைதான்; அதை வாங்கியிருந்தால், பாரத்தைக் குறைத்ததும் தப்பித்திருப்பார். காசு கொடுத்து வாங்கிய வினை.

மனைவி சாலையோரத்தில் அந்த சோபாவில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். கேப்டன் இருமினார். அவள் திரும்பவில்லை.

"உன்கிட்ட... அந்த லைசென்ஸ் இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா நான் ரெஸ்ட்ல இருக்கேங்க. நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

இத்தனை வருஷத்தில் அவளிடம் கேட்டிராத ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது, அதுவும் அக்கா முன்னால். அவமானம் பிடுங்கித் தின்றது.

"நீ ஓட்டறியா?" என்று முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க. அக்காவுக்குக் கேக்கல."

"நீயே ஓட்டும்மா!"

டீயை நிதானமாக முடித்துவிட்டு எழுந்தாள். "சாமானை ஏத்துங்க."

ஏற்றினார். சோபாவுக்கு மட்டும் அதிகாரி கை கொடுத்தார். மூச்சு வாங்க, தொப்பி கோணலாக, முன்கதவில் ஏறினால், பக்கத்து சீட்டில் அக்கா பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். "நான் இங்கயே உக்காந்துக்கறேண்டா. ரோடு நல்லாத் தெரியுது."

கேப்டன் படியிலேயே நின்றார். மனைவி சீட்டை முன்னுக்கு நகர்த்தினாள். கண்ணாடியைத் திருப்பினாள். பிறகு, தினமும் காலையில் பஸ் முழுக்கக் கேட்கிற அதே குரலில் சொன்னாள்:

"படியில நிக்காதீங்க. உள்ள போங்க, உள்ள போங்க."