கண் வந்த பிறகு சொல்லலாம்

குலசேகரத்தில் பால் வெட்டுகிற வீட்டில் பிறந்தவனுக்கு ஆசிட் என்பது அடுக்களை உப்பு மாதிரி. ரப்பர் மரத்தில் வெட்டிச் சேர்த்த பாலை டிஷ்ஷில் ஊற்றி, கொஞ்சம் ஆசிட்டில் தண்ணீர் கலந்து அதில் விட்டால் உறைந்துவிடும். பிறகு மெஷினில் கொடுத்து ஷீட் அடிக்கலாம். அப்பா கையுறை போட்டு நான் பார்த்ததில்லை. கலவையில் விரலை முக்கி முகர்ந்துவிட்டு, போதும் என்பார். நானும் அப்படித்தான். இரண்டு நாள் தோல் உரியும். தொழில்காரன் கை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன். அந்த மெச்சலுக்குக் கண்ணைக் கொடுத்தவள் ஜெப்சி.

போன ஜனவரியில்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. ஜனவரியில் ரப்பர் மரம் இலையைக் கொட்ட ஆரம்பிக்கும். புது இலை முற்றும்வரை கத்தி வைக்கக்கூடாது. மாப்பிள்ளை ஆன கையோடு வேலை இல்லாதவனும் ஆனேன். ஜெப்சி பூதப்பாண்டிப் பக்கம் வயல்காட்டுப் பெண். அவள் அப்பா ராஜையன் அடுத்தவர் வயலைப் பாட்டத்துக்கு எடுத்து நெல் பயிரிடுகிறவர். ரப்பர் தோட்டத்தை அவள் அதற்கு முன்னால் பஸ் ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். மிச்சமிருந்த கொஞ்சம் பாலை வைத்து அவளுக்கு ஷீட் அடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். "நல்லா பாத்துக்கோட்டி, நான் செய்யது மாதிரி செய்யணும்" என்றேன். அவளும் அப்படியே செய்தாள்.

அப்போதுதான் ரிஜோ போன் செய்தான். கூடப் படித்தவன். இமாச்சலில் ஒரு கான்ட்ராக்டரிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பைன் மரத்தைக் கீறிப் பிசின் எடுக்கிற வேலை, மார்ச் மாதம் தொடங்கும், ஆள் போதவில்லை என்றான். "ஒனக்கு மரத்துல கத்தி வைக்கது புதுசாலே? ரெண்டு பேரும் வாருங்க. ஜூன்ல ஊருக்குப் போயி ஒனக்க ரப்பர வெட்டு" என்றான்.

அம்மா சத்தியபாய்க்கு அது பிடிக்கவில்லை. ஜெப்சியோ ரிஜோ அனுப்பிய போட்டோவைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தாள். பைன் காட்டுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு மலை. "இது நெசமாட்டு பனியா அத்தான்?" என்று கேட்டாள். நான் என்னவோ அந்த மலைக்குச் சொந்தக்காரன் மாதிரி, "வா, காட்டித் தாறேன்" என்றேன்.

அந்த இரண்டு மாதத்தைப் பற்றி எழுதவே எனக்குக் கூசுகிறது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். தகரம் போட்ட ஒரு அறை. விடிந்தால் காடு. பைன் மரத்தின் பட்டையைச் சீவி, மேலே கோடு கோடாகக் கீறி, கீறல் மூடிக்கொள்ளாமல் பிசின் ஒழுகுவதற்காக ஆசிட் கலவையைப் பீய்ச்ச வேண்டும். கீழே தகரக் கிண்ணம். நான் கீறுவேன், ஜெப்சி பின்னாலேயே பாட்டிலை அமுக்கிக்கொண்டு வருவாள். மற்றவர்கள் எல்லா நாளும் வேலை செய்தார்கள். எங்களுக்கு ஞாயிறு வேண்டும் என்று மேட்டிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம். மேட் என்றால் கூலிக்காரர்களுக்கு மேலாள். பகதூர் என்று பெயர், பொறுமையான நேபாளி. சர்ச் இல்லாத ஊரில் ஞாயிறு எதற்கு என்று சிரித்தார். மரத்தடியில் உட்கார்ந்து ஒரு பாட்டும் ஒரு ஜெபமும் முடித்துவிட்டு, பொட்டலத்தில் சப்பாத்தியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

ஒரு ஞாயிறு ஜெப்சி ஆற்றில் குதித்தாள். வாய்க்காலில் நீந்தி வளர்ந்தவள், தண்ணீர் என்றால் எல்லாம் ஒன்று என்ற நினைப்பு. உதடு நீலம் பாரித்து வெளியே வந்து, பல் கிடுகிடுக்க, "இன்னும் ஒருக்கா" என்றாள். இன்னொரு ஞாயிறு ஆட்டிடையர்கள் போன தடத்தைப் பிடித்துப் பனி கிடக்கும் சரிவு வரைக்கும் ஏறினோம். ஆசிட் கேனை மூடி வைக்கும் யூரியாச் சாக்கு ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். அதில் அவளை உட்காரவைத்து மேலே இருந்து தள்ளினேன். போனில் வீடியோவும் எடுத்தேன். அதில் அவள், "வேண்டாம் அத்தான், பிடிங்க, பிடிங்க" என்று கத்துவதும், "பயப்படாதட்டி, நான் இருக்கேன்லா, விடு கைய" என்று நான் சொல்வதும் கேட்கும். பிறகு ஒரே சிரிப்பு.

அந்தச் சரிவுக்கும் மேலே ஒரு கணவாய் இருந்தது. அங்கே ஏறினால் அந்தப் பக்கத்து மலைகளெல்லாம் தெரியும் என்று பகதூர் சொன்னார். போய் வர ஒன்றரை நாள். அதனால் ஞாயிறு மட்டும் போதாது, சனிக்கிழமை மத்தியானமே வேலையை முடித்துக் கிளம்ப வேண்டும். மே மாதம் மூன்றாம் சனிக்கிழமை என்று நாள் குறித்தோம்.

அந்தச் சனிக்கிழமை காலை பார்த்துக் கலந்து வைத்த ஆசிட் வரவில்லை. கலக்காத கேன் ஒன்றைத்தான் பகதூர் இறக்கினார். இதைத் தொடாதே, பத்து மணிக்கு வந்து நானே கலந்து தருவேன் என்று சைகையும் இந்தியுமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நன்றாகவே விளங்கியது. பத்து மணி வரை காத்திருந்தால் மத்தியானத்துக்குள் வேலை முடியாது, கணவாய் போச்சு என்பதும் விளங்கியது.

"கலக்கி வை மக்கா. நான் அதுக்குள்ள கத்தியத் தீட்டுதேன்."

"மேட்டு வரட்டும்ணு சொன்னாருல்லா அத்தான்?"

"எட்டி, நான் பொறந்ததே ஆசிட்டுக்குள்ள. அவரு எனக்கு ஆசிட்டு படிப்பிக்காரா? வீட்டுல செய்தோம்லா, அதே மாதிரிதான். மொதல்ல பக்கெட்டுல ஆசிட்ட ஊத்து, பெறவு தண்ணிய ஊத்து. பயப்படாத, நான் இருக்கேன்லா."

எங்கள் ரப்பர் ஆசிட் அதைப் பொறுத்துக்கொள்ளும். இது கந்தக ஆசிட். இதில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், தண்ணீரில்தான் ஆசிட்டைச் சிறுகச் சிறுக விட வேண்டும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நானும் பத்தாம் வகுப்புப் படித்தவன்தான்.

அவள் குனிந்து ஊற்றினாள். பிறகு கேட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

ஓடையில் அவள் தலையை அமுக்கி அமுக்கிக் கழுவினேன். ரிஜோவின் லாரியில் மூன்று மணி நேரம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இடது கண் போயிருந்தது. வலது கண் பால் ஊற்றியது போல வெளுத்திருந்தது. வார்டில் ஒரு மலையாளி நர்ஸ், நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, எப்படி ஆயிற்று என்று எழுதுவதற்காகக் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டுக்குள்ளிருந்து ஜெப்சி, "எனக்க கை தவறிட்டு சிஸ்டர்" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு மூடிய வாய்தான்.

ஊருக்கு வந்தபோது, அவள் கை தவறிவிட்டது என்ற பேச்சு எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. "பனி பாக்கணும்ணு துள்ளுனா, இப்ப ஒண்ணும் பாக்காண்டாம்ணு ஆயிட்டு" என்று அம்மா அவள் காதுபடவே சொன்னாள். நான் அம்மாவைச் சத்தம் போட்டேன். அப்படிப் பேசாதே என்று சொன்னேனே தவிர, அது அப்படி இல்லை என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கும் தெரியும், உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஜெப்சிக்கும் தெரியும்.

அம்மாவையாவது பொறுத்துக்கொள்ளலாம். மாமா ராஜையனைத்தான் தாங்க முடியவில்லை. வாரம் தவறாமல் தன் ஊரிலிருந்து வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ் மாறி வருவார். மகளுக்குப் பிடித்த மட்டிப்பழம் ஒரு சீப்பு கையில் இருக்கும். மகள் தலையைத் தடவிவிட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார். "சின்னதுலயே இவளுக்குக் கை நிக்காது மருமோனே. நான் பாத்து வளத்திருக்கணும். எனக்க மவளால ஒங்களுக்கும் கஷ்டம்" என்பார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த அந்தக் கை என் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடமே மன்னிப்புக் கேட்டது. அவர் என்னை அடித்திருந்தால் அன்றைக்கே நான் பிழைத்திருப்பேன்.

அதனால் ஒரு பொருத்தனை செய்தேன், நேர்த்திக்கடன் மாதிரி. எங்கள் சபையில், கேட்டது கிடைத்தவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். வியாதி சுகமானவர், விசா கிடைத்தவர், குழந்தை பிறந்தவர் எல்லோரும் சொல்வார்கள். ஆண்டவரே, அவளுக்கு ஒரு கண்ணைக் கொடும், நான் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள். பயந்தாங்கொள்ளித்தனத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டு வேதப்புத்தகத்தைக் கையில் கொடுத்துக் கோயிலில் உட்காரவைத்தேன். கண் வந்த பிறகு சொன்னால் எல்லோரும் அழுதுகொண்டே மன்னிப்பார்கள் என்பதையும் உள்ளுக்குள் யோசித்து வைத்திருந்தேன்.

ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் நடந்தது. யாரோ இறந்தவர் தந்த கருவிழியை வலது கண்ணில் தைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று, "ஜன்னல் அங்கதான?" என்று சரியாகக் கை காட்டினாள். வெளிச்சம் தெரிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து. போனில் அலாரம் வைத்தேன், 'ஜெப்சி மருந்து' என்று பெயர் போட்டு. தோட்டத்தில் நின்றாலும் ஓடி வருவேன். அவள் தலையை அண்ணாந்து காட்டுவாள், நான் இமையை விரித்து மருந்து விடுவேன். அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சாண் தூரம்கூட இருக்காது. ஒவ்வொரு முறையும் அவள் மருந்து விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அண்ணாந்தே இருப்பாள். மருந்து இறங்கட்டும் என்று இருக்கிறாள் என நினைத்தேன்.

சில சாயங்காலம், "அந்த வீடியோவப் போடுங்க" என்பாள். போனைக் காதில் வைத்துக் கேட்பாள். பயப்படாதட்டி, நான் இருக்கேன்லா. முடிந்ததும் போனை என் பக்கம் நீட்டுவாள்.

நவம்பரில் கண் சிவந்தது. டிசம்பரில் வெளிச்சம் மங்கியது. நேற்று மாமாவும் நானும் அவளைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தைத்த கருவிழியை உடம்பு தள்ளிவிட்டது, இனி இன்னொன்று வைத்தாலும் நிற்காது என்று டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். ஜெப்சி, "செரி டாக்டர்" என்றாள், கடைக்காரர் சரக்கு இல்லை என்று சொன்னதைக் கேட்டுக்கொள்வது மாதிரி.

மார்த்தாண்டத்தில் பஸ் மாற வேண்டும். பஸ் ஸ்டாண்டுக் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். மாமா மூன்று சாயா வாங்கிவந்தார். பையிலிருந்து மட்டிப்பழம் எடுத்து உரித்து மகள் கையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"மருமோனே, ஒங்க ஜீவிதமும் போச்சே எனக்க பிள்ளையால. ஒங்களுக்கு வேற ஒரு வழி பாக்கணும்ணு தோணுச்சுண்ணா... நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இவள நான் கொண்டு போறேன்."

"தண்ணிய ஊத்தச் சொன்னது நான் மாமா."

என் குரல் எனக்கே கேட்டது. "மேட்டு தொடாதேண்ணு சொன்னாரு. இவளும் வேண்டாம்ணுதான் சொன்னா. நான்தான் நிர்ப்பந்திச்சேன். இவளுக்க கை தவறல்ல."

மாமா அடுத்த பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். பாதியில் நின்ற தோலோடு மகளைப் பார்த்தார். "ஆமாவா மக்களே?"

ஜெப்சி தலையாட்டினாள். பிறகு நான் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். கொஞ்சம் தள்ளி, என் தோளுக்கு மேலே பார்ப்பது போல.

"அந்த நர்ஸு கேட்டப்ப, போலீசு கேஸு ஆயிரப்பிடாதுண்ணு அப்பிடிச் சொன்னேன். அண்ணைக்குச் சாயங்காலமே நீங்க சொல்லீருவீங்கண்ணு நெனச்சேன். பெறவு ஊருக்கு வந்தா சொல்லுவீங்கண்ணு. பெறவு மருந்து விடும்போதெல்லாம், இப்பச் சொல்லுவாரு, இப்பச் சொல்லுவாருண்ணு அண்ணாந்துக்கிட்டே இருந்தேன்."

"கண்ணு வந்த பெறவு சொல்லலாம்ணு இருந்தேன் ஜெப்சி. சபையில, எல்லாருக்க முன்னாலயும். பொருத்தன வச்சிருந்தேன்."

"கண்ணு வந்திருந்தா எனக்கு எதுக்கு அத்தான் அது?"

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்பது மாதிரிதான் கேட்டாள்.

மாமா ஊருக்குப் போக ஏற வேண்டிய வடசேரி பஸ் வந்து நின்றது. மாமா அவள் பையை எடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. இத்தனை மாதமாக என் கையைப் பிடித்த கையால் மகளைப் பிடித்துக்கொண்டார். படியில் ஏறும்போது நான் பின்னால் கை கொடுக்கப் போனேன். "வேண்டாம், படி எனக்குத் தெரியும்" என்றாள். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகரும்வரை அவள் முகம் நேராக முன் சீட்டைப் பார்த்தபடியே இருந்தது.

குலசேகரம் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர் இலைகள் கொட்டிக்கொண்டிருந்தன. மருந்துப் பொட்டலம் என் மடியிலேயே இருந்தது. கொடுக்க மறந்துவிட்டேன். கொடுத்திருந்தாலும் அது இனி எதற்கு?

நான்கு மணிக்கு அலாரம் அடித்தது. ஜெப்சி மருந்து. போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எழுத்தைப் பார்த்தபடி இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் முழங்கையைத் தொட்டார்.

"ஃபோன் அடிக்குல்லா தம்பி, கேக்கல்லியா?"