நாலு சக்கரமும் தரையில்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகுதான் வாய் திறக்கும் என்று அக்கா சொல்வாள். அன்று காலையும் என் காது கொதித்தது. காரணம், என் ஆபீஸ் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த மச்சான். அக்காவின் புருஷன். தையல் மிஷின் ரிப்பேர் செய்பவர். தங்கமான மனுஷன்தான். ஆனால் கேட்காமலே உதவி செய்வார், அது ஒன்றுதான் அவரிடம் இருக்கிற வியாதி.

"கவலையே படாதீங்க மாப்ள. உங்க அக்கா வெளிநாட்டுல வாங்குன வேனை, கப்பல்ல முதல் வண்டியா ஏத்த வச்சதே நான்தான். அந்த ஊர்ல கப்பல்ல ஏத்துற இடத்துல தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தார். போன்லயே கெஞ்சிக் கூத்தாடி வேலையை முடிச்சேன். முதல்ல ஏறுனது முதல்ல இறங்கிடும்ல?"

"சபாஷ் மச்சான்" என்று சொல்லப் போன வாயை மூடிக்கொண்டேன். வெளிநாட்டிலிருந்து வரும் கார்களுக்கும் வேன்களுக்கும் வரி கட்டி, காகிதம் முடித்து, வண்டியை வெளியே எடுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். வருஷக்கணக்காகச் செய்கிறேன். ஆனால் ஒரு கப்பலுக்குள் காலை வைத்ததில்லை. எனக்குத் தெரிந்த வண்டியெல்லாம் காகிதத்தில் ஓடுகிற வண்டி. எதற்கும் கேட்டுவிடலாம் என்று வண்டி இறக்கும் ஆட்களின் மேஸ்திரிக்கு போன் போட்டேன். எப்போதும் வாயில் விசிலோடு இருப்பதால் அவருக்கு விசில்காரர் என்றே பேர்.

அவர் சிரித்த சிரிப்பு மச்சானுக்கே கேட்டது. "முதல்ல ஏறுனது சுவத்தை ஒட்டிப் போய் நிக்கும் சார். கடைசில ஏறுனதுதான் வாசல்ல நிக்கும். உங்க வண்டி ரெண்டாவது தளத்துல கோடியில இருக்கு. முன்னாடி நூத்துக்கணக்குல நிக்குது. அந்தத் தளத்தையே நாளைக்குத்தான் தொடப் போறோம்."

நாளைக்கு! அது ஆகவே ஆகாது. ஏனென்றால் அன்று காலைதான் வரி அலுவலக வாசலில் புது விதியை ஒட்டியிருந்தார்கள்.

விதி இதுதான். இதுவரை, பின்னால் சாமான் வைக்கும் இடம் பெரிதாக இருந்தால் அது சரக்கு வேன், வரி கொஞ்சம். நாளை முதல், டிரைவருக்குப் பின்னால் ஒரு வரிசை இருக்கை இருந்தாலே அது பயணிகள் வண்டி. இறக்குமதியான பயணிகள் வண்டிக்கு வரி என்றால், இன்னொரு வேன் வாங்குகிற காசு. எந்த நாள் கணக்கு? வண்டியின் நாலு சக்கரமும் துறைமுக யார்டுத் தரையில் படுகிற நாள். மாலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதினால் அந்த நாள் முடிந்தது.

அக்காவின் வேன் பாதி ஆளுக்கு, பாதி சரக்குக்கு. அவளுக்கு அப்படித்தான் வேண்டும். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிற வேலை அவளுடையது. அவளோடு இன்னும் ஐந்து பெண்கள். ஆறு பேரும் உட்கார வேண்டும், பின்னால் கயிறு, ஏணி, வாளி எல்லாம் ஏற வேண்டும். பழைய வேன் உயிரை விட்டுவிட்டது. மிச்சம் மீதி இருந்ததையெல்லாம் துடைத்து எடுத்து இதை வாங்கியிருந்தாள். வரி ஏறினால் கட்ட முடியாது. கட்டாவிட்டால் வேன் யார்டிலேயே ஏலத்துக்குப் போய்விடும். அதோடு ஆறு வீட்டு வருமானமும் போகும்.

"என்ன மாப்ள, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார் மச்சான்.

வாயைத் திறந்தேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. அவர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்தபோது அக்கா உள்ளே வந்தாள். முழுவதையும் கேட்டாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

"கத்தி என்னடா ஆகப் போகுது? கிளம்பு. அந்த மேஸ்திரியைப் பார்ப்போம்" என்றாள்.

மச்சானையும் ஏற்றிக்கொண்டு என் காரில் போனோம். கப்பலைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் போய் நின்றது அதுதான் முதல் தடவை. ஜன்னலே இல்லாத ஒரு பெரிய கட்டடம் தண்ணீரில் வந்து நிற்கிறது, அதன் பின்பக்கச் சுவர் அப்படியே கீழே மடிந்து சாய்தளமாகத் தரையில் கிடக்கிறது. அதன் வழியாகக் கார்கள் வந்துகொண்டே இருந்தன. விசில்காரர் அடிவாரத்தில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். குட்டையான மனிதர்.

"வரிசையை மாத்த முடியாதும்மா," என்றார் அக்காவிடம். "ஒரு வண்டியை எடுக்கணும்னா அதுக்கு முன்னாடி நிக்கறது அத்தனையும் வெளிய வரணும். பறந்தா வரும்?"

"வரிசையை மாத்தச் சொல்லலைங்கய்யா. அந்தத் தளத்தை இன்னைக்கு எடுக்க முடியுமான்னு கேக்கறேன்."

"எடுக்கலாம். ஆனா ஐஞ்சு மணிக்குள்ள கோடி வரைக்கும் போக முடியாது."

அக்கா இறங்கிப் போகிற வண்டிகளைப் பார்த்தாள். பிறகு யார்டின் பக்கம் கை நீட்டினாள். "உங்க ஆளுங்க ஓட்டறது வேகமாத்தான் இருக்கு. யார்டுல கொண்டு போய் விட்டுட்டு, திரும்பி வர்றதுக்கு ஆளுங்களை ஏத்திட்டு வர்ற அந்த ஒரே வேனுக்காகக் காத்துக்கிட்டு நிக்கறாங்களே, அங்கதான நேரம் போகுது? இன்னொரு வண்டி இருந்தா?"

விசில்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இருந்தா ஆகலாம். எங்க இருக்கு?"

அக்கா திரும்பி என் காரைப் பார்த்தாள்.

அது சாதாரணக் கார் இல்லை. இறக்குமதிக் கார். இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட நான் இன்னும் பிரிக்கவில்லை. என் மனைவியே காலைத் தட்டிவிட்டுத்தான் ஏறுவாள். "அக்கா" என்று இழுத்தேன். "சாவியைக் கொடுடா" என்றாள். கொடுத்தேன்.

விசில்காரர் தன் ஆட்களைக் கூப்பிட்டார். எண்ணெய்க் கறை படிந்த சட்டையும் துணிக் கையுறையுமாக வந்து நின்றார்கள். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "இந்தம்மா கயித்துல தொங்கிக் கண்ணாடி துடைக்கறவங்க. இவங்க வேன் ரெண்டாவது தளத்துல கோடியில நிக்குது. இன்னைக்கு இறங்கலைன்னா ஏலத்துக்குப் போயிடும். என்னப்பா சொல்றீங்க?"

ஒருவர், "எவ்வளவு உயரத்துல தொங்குவீங்க?" என்று அக்காவைக் கேட்டார். அவள் கப்பலின் உச்சியைக் காட்டி, "இதுக்கும் மேல" என்றாள். "அம்மாடி!" என்றார் அவர். கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு கப்பலுக்குள் நடந்தார். மற்றவர்களும் நடந்தார்கள். அவ்வளவுதான் பேச்சு.

என்னையும் மச்சானையும் தலைக்கவசம் மாட்டி உள்ளே கூட்டிக்கொண்டு போனார் விசில்காரர். உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டேன். தலைக்கு மேல் தாழ்ந்த கூரை. கண்ணுக்கு எட்டின மட்டும் வண்டிகள், எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து, எள் விழ இடமில்லாமல். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கை நுழையாது. இந்த இண்டு இடுக்கில் எப்படிக் கதவைத் திறப்பார்கள், எப்படி உள்ளே நுழைவார்கள்? நுழைந்தார்கள். தண்ணீர் மாதிரி நுழைந்தார்கள். தரையோடு கட்டியிருந்த பட்டைகளை ஒருவர் அவிழ்த்துக்கொண்டே போக, பின்னாலேயே ஒவ்வொரு வண்டியாக உயிர் பெற்றது. விசில் ஒருமுறை ஊதினால் ஒன்று நகரும். இரண்டு முறை ஊதினால் நிற்கும். யாரும் கத்தவில்லை, யாரும் அவசரப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. ஆனால் நான் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் ஒரு வரிசை காணாமல் போயிருந்தது.

எத்தனை வருஷம் இந்த வண்டிகளுக்கு நான் காகிதம் எழுதியிருக்கிறேன்! ஒரு கையெழுத்து தாமதமானால் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! வண்டி எப்படி இறங்குகிறது என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தேனா? இல்லை. பக்கத்தில் வந்து நின்ற மச்சான் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். என் வாயும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கீழே அக்கா என் காரைப் பறக்க விட்டாள். ஆட்களை அள்ளிக்கொண்டு வருவாள், இறக்கிவிடுவாள், திரும்பிப் போவாள். ஒவ்வொரு தடவையும் நாலு ஜோடி பூட்ஸ் என் கம்பளத்தில் ஏறி இறங்கியது. பிளாஸ்டிக் உறை கிழிந்து ஜன்னல் வழியே பறந்தது. ஆச்சரியம், என் காது சிவக்கவே இல்லை.

வெளியே வெயில் சாய ஆரம்பித்தபோது தளம் காலியாகி, கோடியில் அந்த வேன் மட்டும் நின்றது. வெள்ளை வேன். ஒருவர் ஏறிச் சாவியைத் திருப்பினார். டிக், டிக் என்றது. அவ்வளவுதான். வேறு பேட்டரியைக் கொண்டு வந்து கோத்துப் பார்த்தார்கள். அதே டிக், டிக்.

"போச்சு!" என்று தலையில் கை வைத்தார் மச்சான்.

"கட்டி இழுத்தா?" என்றேன்.

"சமதளத்துல இழுக்கலாம் சார். இறக்கத்துல என்ன பண்ணுவீங்க? பின்னாடி வர்றது முன்னாடி போறதை இடிச்சுத் தள்ளும். இஞ்சின் ஓடலைன்னா பிரேக்கும் சரியாப் பிடிக்காது" என்றார் விசில்காரர். முதல் தடவையாக அவர் முகம் வாடியது.

விஷயம் தெரிந்து அக்கா மேலே ஓடி வந்தாள். வேனைப் பார்த்தாள். சாய்தளத்தைப் பார்த்தாள். பிறகு அதன் உச்சியில் இருந்த இரும்புத் தூணைப் போய்த் தட்டிப் பார்த்தாள். "நல்ல கயிறு இருக்கா?" என்றாள்.

கப்பல்காரர்களிடமிருந்து கைத் தடிமனில் ஒரு நைலான் கயிறு வந்தது. வேனைத் தளத்தின் விளிம்பு வரை எல்லோருமாகத் தள்ளினோம். அக்கா கயிற்றின் ஒரு நுனியை வேனின் பின்னால் கட்டி, தூணைச் சுற்றிச் சுற்றி எடுத்து, மறுநுனியை ஆட்களிடம் கொடுத்தாள். "பாரத்தைத் தூண் தாங்கிக்கும். நீங்க கொஞ்சம் கொஞ்சமா விட்டா போதும். நான் தினமும் இப்படித்தான் இறங்கறேன். வழுக்குதுன்னா கையுறையைக் கழட்டிடுங்க."

விசில்காரர் விசிலைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறினார். ஸ்டியரிங்கை அவரே பிடித்துக்கொண்டார்.

அடிவாரத்தில், இறங்குகிற வண்டிகளைக் குறித்துக்கொள்ளும் வரி அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கண்டிப்பான ஆள், சிரித்து நான் பார்த்ததில்லை. விசில் ஊதியது. வேன் விளிம்பைத் தாண்டியது. கயிறு விறைத்து முனகியது. நானும் நடுவில் நுழைந்து பிடித்தேன். ஆபீஸ் செருப்பு வழுக்கியது, உள்ளங்கை எரிந்தது, முன்னால் இருந்தவரின் முதுகு நடுங்குவது தெரிந்தது. அக்கா தூணருகே குனிந்து, "விடு... விடு... நிறுத்து... விடு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள், குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில். அவ்வளவு பெரிய வேன் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு அங்குலம் அங்குலமாக இறங்கியது. இவள் என்னோடு பிறந்தவளா என்று இருந்தது.

முன் சக்கரங்கள் தரையைத் தொட்டன. பின் சக்கரங்களும் இறங்கி நின்றன. அதிகாரி குனிந்து பார்த்தார்.

"பின்னாடி ரெண்டும் தகட்டு மேல நிக்குது. தகடு கப்பலோடது. தரை இல்ல."

அப்படியே கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினோம். எல்லோரும் ஓடினோம். மச்சான் எல்லோருக்கும் முன்னால் ஓடி, தோளைக் கொடுத்துத் தள்ளினார். வேன் ஒரு குலுங்கு குலுங்கி முன்னே போய் நின்றது. அதிகாரி மறுபடியும் குனிந்தார், ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றி வந்து பார்த்தார்.

"நாலும் தரையில. சரக்கு வேன்" என்று எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடித்த பிறகுதான் சங்கு ஊதியது.

அக்கா கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். மச்சான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினேன். அப்போதுதான் யார்டைப் பார்த்தேன்.

மொத்தத் தளமும் அங்கே நின்றது. ஒரு வேனுக்காக இறங்கிய நூற்றுக்கணக்கான வண்டிகள், வரிசை வரிசையாக. அதில் எத்தனை வேன்களுக்குப் பின்னால் இருக்கை இருக்கும்! அத்தனைக்கும் இன்றைய வரி. யார் யாரோ வாங்கியது. அவர்களுக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது.

என் போன் அடித்தது. வாடிக்கைக்காரர், மருந்துக் கடைக்காரர். அவர் வேனும் இதே தளத்தில்தான் வந்திருந்தது. எடுத்த எடுப்பிலேயே கத்தினார். "என்னங்க இது, நாளையிலிருந்து வரி ஏறுதாமே? என் வேன் நாளைக்குத்தான் இறங்கும்னு சொல்றாங்க. நான் நாசமாப் போனேன்!"

"உங்க வேன் இறங்கிடுச்சுங்க. பழைய வரிதான்."

"நிஜமாவா? நீங்க மனுஷனே இல்லைங்க, தெய்வம்! எப்படி முடிச்சீங்க?"

எப்போதும் இப்படி ஒரு பாராட்டு வந்தால் இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்பவன் நான். அன்று முடியவில்லை. "நான் இல்லைங்க. கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, வேனுக்கு என்ன அடையாளம் என்று கேட்டுக்கொண்டு, விசில்காரரிடம் போனேன். ஆட்கள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, தோல் உரிந்த கைகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நீலக் கோடு போட்ட வேன், யார் ஓட்டினது? வண்டியோட சொந்தக்காரர் லைன்ல இருக்கார். பேசணும்."

ஒருவர் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நான்தான் சார்" என்றார். "ஏன், எங்கயாவது கீறல் விழுந்துடுச்சா?"