டுவேனை மேடையேற்றச் சொன்னார்கள்

நன்றி கெட்டவள் என்ற பெயரோடு மட்டும் சாகக் கூடாது என்று நினைப்பவள் நான். அதனால்தான் 1974 கோடையில், ஊரே எங்கள் அதிபரைக் காறித் துப்பியபோதும் அவருக்காக வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். எதிர்க்கட்சி அலுவலகத்தில் அவர் ஆட்கள் திருட்டுத்தனமாகப் புகுந்த விவகாரத்தை அவரே மூடி மறைக்கப் பார்த்தார் என்பது வழக்கு. தன் அறையில் அவரே டேப்பில் பதிய வைத்த பேச்சையெல்லாம் செய்தித்தாளில் பக்கம் பக்கமாகப் போட்டார்கள். கெட்ட வார்த்தை வந்த இடத்திலெல்லாம் 'நீக்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தது.

பக்கத்து வீட்டு இர்மா நோவாட்னி எதிர்க்கட்சிக்காரி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அதைச் சத்தமாக வாசிப்பாள்.

"ஏண்டி லோர்னா, உங்க ஆளு வாயைத் தொறந்தா 'நீக்கப்பட்டது' தவிர வேற ஒண்ணுமே வராதா?"

"உன் சமையல்கட்டுல ஒரு டேப் வச்சா பேப்பர் முழுக்க அதான் இருக்கும்," என்பேன்.

இர்மாவை என்னால் வெறுக்க முடியாது. என் மகன் டுவேன் வியட்நாமில் விமானத்தோடு விழுந்து ஹனோய் சிறையில் ஐந்தரை வருஷம் கிடந்தான். அந்தப் போரே கூடாது என்று ஊர்வலம் போன இந்த இர்மாதான், போர்க்கைதிகளை மறக்காமலிருக்க அப்போது பலர் போட்டுக்கொண்டது போல, டுவேன் பெயர் பொறித்த காப்பை அவன் திரும்பி வரும்வரை கையைவிட்டுக் கழற்றவில்லை. அவன் அப்பா, மகன் திரும்பி வருவதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். ஆனால் டுவேன் வந்தான். அதிபர் போரை நிறுத்த ஒப்பந்தம் போட்டார், என் மகன் விமானத்திலிருந்து நடந்து இறங்கினான். அதே ஆள்தான் போரை நான்கு வருஷம் இழுத்தடித்தார் என்பாள் இர்மா. இருக்கலாம். தண்ணீரில் தத்தளிக்கும் பிள்ளையைக் கரைசேர்த்தவனிடம், ஏன் இவ்வளவு நேரம் என்று எந்தத் தாய் கேட்பாள்? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும். எனக்கு அவர் போட்டது உப்பு அல்ல, பிள்ளை.

எங்கள் அயோவா மாவட்டத்தில் கட்சியின் பெண்கள் பிரிவுக்கு நான் தலைவி. 1972 தேர்தலில் அவருக்காக ஆயிரத்து நூறு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன். இரண்டு நாய்கள் கடித்தன. இரண்டுமே எதிர்க்கட்சி வீட்டு நாய்கள்.

ஆகஸ்ட் முதல் வாரம் மாவட்டச் செயலாளர் ஹார்லன் டெக்கர் வீட்டுக்கு வந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், வாடா போடா பழக்கம்.

"லோர்னா, சனிக்கிழமை நம்ம கட்சியோட சோள விருந்துக்கு மெர்ல் வர்றான்," என்றான். மெர்ல் ஸ்விங்கர் எங்கள் தொகுதிப் பிரதிநிதி. அதிபரைப் பதவியிலிருந்து இறக்கலாமா வேண்டாமா என்று வாஷிங்டனில் ஓட்டுப் போட வேண்டியவன். "ஆளு ரெண்டு மனசா இருக்கான். நம்ம ஜனம் என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டுதான் முடிவு பண்ணுவானாம்."

"நான் பேசறேண்டா."

"நீ பேசறதை அவன் இருபது வருஷமா கேக்கறான். டுவேன் பேசணும். யூனிஃபார்ம் போட்டு மேடையேறி, 'என்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது இவர்தான், நன்றி'ன்னு நாலு வார்த்தை. அப்புறம் மெர்ல் எப்படி எதிர்த்து ஓட்டுப் போடுவான்?"

"வருவான். நான் கூட்டிட்டு வர்றேன்," என்றேன். டுவேனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பத்தோரு வயது ஆண்பிள்ளை, ஆனால் எனக்கு என் பிள்ளைதானே. ஹார்லன் அன்றைக்கே நோட்டீஸில் அவன் பெயரைப் போட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை யூனிஃபார்மை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். டுவேன் டிராக்டர் பட்டறைக்குக் கிளம்பி வந்தவன் அப்படியே நின்றான்.

"யூனிஃபார்ம் எதுக்கும்மா? யாரு செத்தது?"

"வாயைக் கழுவு. நாளைக்கு நீ மேடையில பேசற." விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வரலைம்மா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவர் இல்லேன்னா நீ இன்னைக்கு எங்கே இருப்ப? ஒரு நன்றி சொன்னா உன் வாயில இருக்கற முத்து உதிர்ந்திடுமா? இதுக்கா உன்னை வளர்த்தேன்?"

அவன் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சிறையைப் பற்றி அவன் என்னிடம் பேசியதே இல்லை. அன்றைக்குப் பேசினான்.

"அங்கேயும் ஒரு மைக் இருந்ததும்மா. 'உன்னை உயிரோட வச்சிருக்கோம், சோறு போடறோம், நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லு'ம்பானுங்க. மாட்டேன்னா கையைப் பின்னாடி கட்டித் தொங்கவிடுவானுங்க. பத்து நாள் தாங்கினேன். பதினோராம் நாள் சொல்லிட்டேன். நன்றின்னு சொன்னேம்மா, அவனுங்களுக்கு. அதை ரேடியோவில போட்டானுங்க. பக்கத்து அறையில இருந்தவங்கெல்லாம் கேட்டாங்க."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"அதிபர் மேல எனக்கு ஒண்ணுமில்லை. நான் எப்படி வந்தேன்னு எனக்குத் தெரியாதா? ஆனா இன்னொருத்தன் மைக்கை நீட்டி, சொல்லுன்னு சொன்னா, என் தொண்டை அடைச்சுக்குது. அது யாரு நீட்டினாலும் சரி." எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டான். "நீ நீட்டினாலும்தான்மா."

அவன் பட்டறைக்குப் போனபிறகு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். என் பிள்ளையைச் சிறையிலிருந்து மீட்டதற்கு நன்றி சொல்ல, அவனை அதே சிறைக்குத் திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறேன். அவனிடம் கேட்காமல் வாக்குக் கொடுத்த என் நாக்கை அறுக்க வேண்டும்.

சனிக்கிழமை பூங்காவில் முந்நூறு பேர். வெண்ணெய் தடவிய சோளக்கதிரும் உருளைக்கிழங்கு சாலடும் மணக்க மணக்க இருந்தன, எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. நான் தனியாக வந்ததைப் பார்த்ததும் ஹார்லன் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கே அவன்? பேரை அறிவிச்சாச்சு!"

"வரமாட்டான். தள்ளு." மேடையேறினேன். முன்வரிசையில் மெர்ல் கையில் கதிரோடு உட்கார்ந்திருந்தான்.

"என் மகன் வரலை," என்றேன். "அவனைக் கேக்காம ஒத்துக்கிட்டது என் தப்பு. அதிபர் நாளைக்கே என் வீட்டுக் கதவைத் தட்டினாலும், ஊரே வெளியில நின்னு கல்லெறிஞ்சாலும், உள்ளே கூப்பிட்டு உக்காரவச்சுச் சோறு போடுவேன். சாகற வரைக்கும் போடுவேன். எம் பிள்ளையை எனக்குக் கொடுத்தவர் அவர். ஆனா மெர்ல், அந்த நன்றி என்னோடது. அதைக் காட்டி உன் ஓட்டைக் கேக்க மாட்டேன். நீயும் நானும் பேப்பர்ல வந்த அந்தப் பக்கங்களைப் படிச்சோம். படிச்சது உனக்கு என்ன சொல்லுதோ, அதுக்கு ஓட்டுப் போடு."

கைதட்டல் எதுவும் இல்லை. பெண்கள் பிரிவிலிருந்த என் கூட்டாளிகள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் இறங்கும்போது ஹார்லன் கை கொடுக்கவில்லை. மெர்ல் மட்டும் எழுந்து நின்று தலையை அசைத்தான்.

அவன் ஓட்டுப் போடும் நாள் வரவேயில்லை. அடுத்த வியாழனே அதிபர் பதவி விலகுவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். மறுநாள் அவர் ஹெலிகாப்டர் ஏறியதைப் பார்த்துவிட்டு, மேஜையில் உட்கார்ந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் வீட்டில் ஒருவன் இருக்கிறான், காலையில் காபி கேட்கிறான், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறான், அதற்கு நன்றி என்று எழுதினேன். மற்றதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கீழே லோர்னா ஹேவர்காம்ப் என்று கையெழுத்துப் போட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த டுவேன், கையிலிருந்த கிரீஸ் படியாமல் இருக்க விரல்நுனியால் தாளைத் திருப்பி வாசித்தான்.

"இப்ப அவர்கிட்ட யாருக்கும் ஒரு காரியமும் ஆகப்போறதில்லையேம்மா," என்றான்.

"அதுக்கென்ன?"

குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு நன்றாகக் கையைக் கழுவினான். துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, என் பேனாவை எடுத்து, என் பெயருக்குக் கீழே தன் பெயரை முழுசாக எழுதினான்.

நான் போடச் சொல்லவில்லை.