மாதிரிக்கு ஒன்று

கேமரா பேட்டரியைக் கையில் வாங்கியதுமே அது எந்தத் தொழிற்சாலைச் சரக்கு என்று சொல்லிவிடுவார் என்று கடைத்தெருவில் அந்தக் கேமராக் கடைக்காரருக்குப் பெயர். கம்பெனி பேட்டரி இல்லை, அதற்குப் பதிலாகப் பாதி விலைக்கு வருகிறதே, அந்த மாற்றுச் சரக்கு. எடையைப் பார்ப்பார், லேபிளில் எழுத்துப் பிழை தேடுவார். பிறகு பெட்டியிலிருந்து மாதிரிக்கு ஒன்றை எடுத்து அறுத்து, உள்ளே மின்சாரம் தேக்கும் செல்லில் அச்சான தயாரிப்பு எண்ணைப் படிப்பார். அது நல்ல செல் என்றால் மொத்தப் பெட்டியும் தேறிவிடும். எல்லாவற்றையும் அறுத்தால் எதை விற்பது?

மனைவிக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், பிறகு பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில் அவள் குரலைப் பிடித்து வைக்க இவர் கேமராவை நிறுத்தினார். போனிலேயே எடுக்கலாமே என்ற மகளிடம், போனில் குரல் தகரம் மாதிரி கேட்கும் என்று அடித்துப் பேசினார். தானே தேறவைத்த பெட்டியில் மேலே இருந்ததெல்லாம் விற்றுப்போயிருக்க, அடியிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்துப் போட்டார். அவ்வளவு மிதப்பு மனுஷருக்கு.

"என்னத்தப் பேசச் சொல்றீங்க?" என்று கூச்சப்பட்டவள், ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. அவருடைய குறட்டை, உப்பில்லாத சமையல், மாமியாருக்குப் பயந்து அவர் சொன்ன பொய்கள் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாசலில் கார் வந்து ஹாரன் அடித்தபோதுதான் கேமரா அணைந்து கிடப்பதைக் கவனித்தார். சற்று முன்வரை சார்ஜ் முழுதாகக் காட்டியது. எடுத்தவரைக்கும் கார்டில் இருக்கும் என்று கேமராவை உள்ளே வைத்துப் பூட்டினார்.

ஆபரேஷன் முடிந்த பிறகு போட்டுப் பார்த்தால், பாதியில் அறுந்த பதிவு திறக்கவே இல்லை. தெரிந்த கடைகளெல்லாம் கையை விரித்துவிட்டன. அந்த பேட்டரியை அறுத்தார். எண் சுரண்டப்பட்ட பழைய செல்லுக்குப் புது உறை. பெட்டியில் மிச்சமிருந்தவையும் அப்படித்தான். மாதிரியை அவர் எப்போதும் மேல்வரிசையிலிருந்துதான் எடுப்பார் என்பது சரக்கு அனுப்பியவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கட்டிலில் சாய்ந்திருந்தவள், கேமராவைக் கொண்டுவரச் சொல்லிச் சைகை காட்டினாள். அவருக்குப் பொய் வரவில்லை.

"ஒண்ணுமே பதியலம்மா. என் பேட்டரிதான் கெடுத்துடுச்சு."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தாள். போகுது விடுங்க என்கிறாள் என்பது புரிந்தது. அதை அவள் எந்தக் குரலில் சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தார். காதுக்குள் எதுவும் வரவில்லை.