மெர்சி சொன்ன சாட்சி

ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிற பெண் மெர்சியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேஷண்ட் எல்லி? மகளா, சொசெயா?" என்று, பேஷண்ட் எங்கே என்று தேடுகிற மாதிரி, கன்னடத்தில் கேட்டாள். மகளும் இல்லை, மருமகளும் இல்லை, பேஷண்ட் நானேதான் என்று மெர்சி சொன்னதும் அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாற்பத்து மூன்று வயதில், காதோரம் நரையோடு, ஐந்து மாத வயிற்றைச் சுமந்துகொண்டு போனால் அப்படித்தான் கேட்பார்கள். அதற்கெல்லாம் மெர்சிக்குக் கோபம் வரவில்லை. அடுகோடியில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் அவள். நாள் முழுக்கத் தையல் மிஷின்களோடும் அவற்றின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களோடும் மல்லுக்கட்டுகிறவள். யாரிடம் கோபப்பட வேண்டும், யாரைப் போனால் போகிறது என்று விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

கோபம் வந்தது விவேக் நகர் வீட்டின் மாடிப்படி ஏறி உள்ளே நுழைந்தபோது. ஹாலில் இருந்த சோபாவைக் காணோம். சுருட்டிய வாடகை ஜமுக்காளங்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. டிவி இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர். கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்திறங்கிய மாமியார் ஞானம்மாள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அத்தை இதெல்லாம்?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை இல்ல? ஸ்தோத்திரக் கூட்டம் வச்சிருக்கேன். நம்ம சாம்பியன் ரீஃப் சபை ஜனமே வேன் வச்சுகினு வருது. நீ சாட்சி சொல்லணும்."

சபைக்காரர்கள் வீட்டில் சாட்சி என்றால் கோர்ட்டுச் சாட்சி இல்லை. காய்ச்சல் விட்டாலும் சரி, கவர்ன்மெண்ட் வேலை கிடைத்தாலும் சரி, மைக்கைப் பிடித்துக்கொண்டு, முன்னே எப்படி இருந்தேன், ஆண்டவர் இப்போது எப்படி வைத்திருக்கிறார் என்று ஊரறியச் சொல்ல வேண்டும். முன்கதை எவ்வளவு மோசமோ அவ்வளவு கைதட்டல்.

"நான் இன்னா சொல்றது?"

"மலடியா இருந்தேன், கர்த்தர் என் வயித்தைத் தொறந்தாருன்னு சொல்லு. வேற இன்னா சொல்லுவ?" என்றாள் ஞானம்மாள், முந்திரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மலடி. கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து காதில் விழுந்துகொண்டிருக்கிற வார்த்தை. வளைகாப்பு வீடுகளில், வளையல் தட்டில் மெர்சியின் கை படக்கூடாது என்று மாமியாரே அவளை அடுப்படிக்கு அனுப்பியிருக்கிறாள். சபை நடுவே முட்டிபோட வைத்து, அடிவயிற்றில் எண்ணெய் தடவி ஜெபிக்க வைத்திருக்கிறாள். மகனுக்கு இன்னொரு பெண் பார்த்தால் என்ன என்று மெர்சி பக்கத்திலிருக்கும்போதே நாத்தனாரிடம் பேசியிருக்கிறாள்.

குறை மெர்சியிடம் இல்லை. அவள் புருஷன் எபிநேசரிடம் இருந்தது. மூன்றாம் வருஷமே டாக்டர் பளிச்சென்று சொல்லிவிட்டார். அன்றைக்கு எபிநேசர் அவள் மடியில் முகம் புதைத்து அழுதான். யாரிடமும் சொல்லாதே, முக்கியமாக அம்மாவிடம் சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கெஞ்சினான். அவளுக்கு அவன்மேல் அப்போது ஆசை இருந்தது, இரக்கமும் இருந்தது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கை அவள் காப்பாற்றக் காப்பாற்ற, அவன் அதன் நிழலில் சுகமாக உட்கார்ந்துவிட்டான். அம்மா மலடி என்னும்போதெல்லாம் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வான். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் பட்டறையில் வேலை இருக்கும். போன வருஷம் மெர்சி பெட்டியைக் கட்டி வாசலில் வைத்த பிறகுதான் வந்தான். டெஸ்ட் டியூப் குழந்தைக்காக அவனிடமிருந்து எடுக்க வேண்டியதை ஊசி வைத்து எடுத்தார்கள். அவனுக்கு அந்த ஒரு நாள் வேலை. மிச்ச ஊசி அத்தனையும் மெர்சியின் வயிற்றில்தான் இறங்கியது.

இப்போது அந்தப் பேரை அவள் வாயாலேயே, அதுவும் ஸ்பீக்கர் கட்டிச் சொல்ல வேண்டுமாம்.

பட்டறையிலிருந்து வந்த எபிநேசரை அடுப்படிக்குள் இழுத்து நிறுத்தினாள்.

"நாளைக்கு நீங்க சாட்சி சொல்லுங்க."

"நானா? விளையாடுறியா? பட்டறை ஆளுங்கல்லாம் வர்றாங்க மெர்சி."

"அப்ப கூட்டமே வேணாம்னு உங்க அம்மாகிட்ட சொல்லுங்க."

"அம்மா ஆசை ஆசையா பண்ணிகினு இருக்காங்க. ஒரு வார்த்தைதான? இப்பதான் உண்டாயிட்டியே, இனிமே அந்தப் பேரு உனக்கு ஒட்டுமா இன்னா?"

மெர்சிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையில் கரண்டி இருந்தது. அதை வீசாமல் மேடைமேல் வைத்தாள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்தேன், காப்பாத்தினேன். நான் மலடின்னு நானே சொல்றேன்னு எப்பவாச்சும் வாக்குக் குடுத்தேனா? நாளைக்கு மைக் என் கைக்கு வந்தா உங்க கையில குடுப்பேன். நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

அவன் தண்ணீர் குடித்துவிட்டுக் குளிக்கப் போனான்.

மறுநாள் ஹாலில் கால் வைக்க இடமில்லை. மாடிப்படி வரைக்கும் ஜனம். சுற்றியிருக்கிற வீடுகளெல்லாம் மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பங்கள்; என்ன சத்தம் என்று அவர்களும் பால்கனியில் வந்து நின்றார்கள். பாஸ்டர் கிருபாகரன் குரலை உயர்த்தி, வறண்ட நிலத்தில் ஊற்று வந்தது என்றார், அடைத்த கதவு திறந்தது என்றார். ஒவ்வொன்றுக்கும் ஞானம்மாள் இரண்டு கையையும் தூக்கி அல்லேலூயா சொன்னாள். நிலமும் கதவும் யாரென்று தெரிந்த அத்தனை பேரும் மெர்சியின் வயிற்றைப் பார்த்தார்கள்.

"சகோதரி மெர்சி இப்ப சாட்சி சொல்லுவாங்க."

மெர்சி எழுந்து மைக்கை வாங்கினாள். "என் வீட்டுக்காரர் முதல்ல சொல்லுவாரு," என்று எபிநேசரிடம் நீட்டினாள். அவன் கைக்கு மைக் போனபோது அவள் மனசில் ஒரு ஓரத்தில் இன்னமும் நம்பிக்கை இருந்தது, அதுதான் கொடுமை. குறை என்னுடையது, இவளை யாரும் எதுவும் சொல்லாதீங்க என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் போதும், எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

எபிநேசர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் அவளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கடைசி வரிசையில் இருந்த பட்டறை ஆட்களைப் பார்த்தான். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தான்.

எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. கூட்டம் பிடித்துக்கொண்டது. கைதட்டல், டேம்பரின், பாஸ்டரின் கீபோர்டு. சரணம் முடிந்தால் பல்லவி, பல்லவி முடிந்தால் மறுபடியும் அதே சரணம். பாட்டை முடியவிடக் கூடாது என்று உயிரைக் கொடுத்துப் பாடினான். இடுப்பு வலியோடு நடுவில் நின்றுகொண்டு மெர்சி அவன் வாயையே பார்த்தாள். இவ்வளவு பெரிய குரல் இவனுக்கு இருக்கிறதென்று அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

தொண்டை கட்டி அவன் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அவள் மைக்கைப் பிடுங்கினாள்.

"நான் எப்பவுமே மலடி இல்ல," என்றாள். ஸ்பீக்கர் ஒரு தடவை கீச்சிட்டு அடங்கியது. "என் உடம்புல குறைன்னு ஒரு டாக்டர்கூடச் சொன்னதில்ல. குறை இவர்கிட்ட. அதுக்காக நான் இவரை ஒரு நாளும் கேவலமா பேசல. நோவு யாருக்கும் வரும். ஆனா அந்தப் பேரை என் தலையில வச்சாங்க. நீங்க அத்தினி பேரும் சேர்ந்து வச்சீங்க. இவரு பார்த்துகினு இருந்தாரு. இதான் என் சாட்சி. ஸ்தோத்திரம்."

பழக்கதோஷத்தில் யாரோ ஒரு கிழவி ஆமென் என்றாள். பாஸ்டர் அவசரமாக முடிவு ஜெபம் செய்தார். கேசரியை ஆளாளுக்கு வாங்கிக்கொண்டு, செருப்பைத் தேடி, கீழே நின்ற வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

ஞானம்மாள் அடுப்படியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஆளே சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தாள். மெர்சிக்குப் பாவமாகக்கூட இருந்தது. பெற்றவளுக்கு இதை இப்படி மைக்கில் கேட்க வேண்டியதாயிற்றே.

"உங்களுக்குத் தெரியாம மறைச்சது தப்புதான் அத்தை. இவருதான் சொல்லாதன்னாரு."

"தெரியாம இன்னா?" என்றாள் ஞானம்மாள். "பதினாறு வயசுல அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. கன்னத்துல இருந்த வீக்கம் கீழ இறங்கிடுச்சு. புள்ளை பொறக்கிறது கஷ்டம்னு டாக்டர் அப்பவே எங்கிட்ட சொல்லிட்டாரு."

மெர்சி அவள் முன்னால் வந்து நின்றாள். "தெரிஞ்சுதான் என்னைக் கட்டி வச்சீங்களா? தெரிஞ்சுகினேதான் மலடி மலடின்னீங்களா?"

"அவன் ஆம்பளைடி. அந்தப் பேரோட நாலு பேர் முன்னாடி நடமாடுவானா? ரயில்ல தலையைக் குடுத்திருப்பான். நீ அப்படி இல்ல. கெட்டிக்காரி. எது வந்தாலும் நீ தாங்குவன்னு எனக்குத் தெரியும்." பாராட்டுகிற குரலில்தான் சொன்னாள்.

மெர்சி சத்தம் போடவில்லை. கம்பெனியில் அவளிடம் வேலை பார்க்கிற பெண்களைக் கேட்டால் சொல்வார்கள், மேடம் சத்தம் போடாத நாளில்தான் பயப்பட வேண்டும் என்று.

"இது பொண்ணாப் பொறந்தா, இதுவும் தாங்கும்னு இது தலையிலயும் வைப்பீங்க, இல்ல?"

ஞானம்மாள் வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவள் சொல்லவில்லை. கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த எபிநேசரும் சொல்லவில்லை.

"சாயங்காலம் உங்க ஊருக்கு மாரிக்குப்பம் வண்டி இருக்கு," என்றாள் மெர்சி. "கிளம்புங்க."

அப்போதுதான் எபிநேசருக்குப் பேச்சு வந்தது. "நானுமா?"

"நீங்கதான் முதல்ல," என்றாள் அவள்.