யார் எடைக்குக் காற்று

ஐம்பது மணி நேரமாக அந்த ஃபோர்க் சமையலறை மேசைமேல் திறந்தபடி கிடந்தது. மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிளின் முன்பக்கம், குலுக்கலை வாங்கிக்கொள்கிற பாகம். அதன் கீழ்க்குழல்கள் இரண்டையும் உருவி ஒரு தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது தையல்காரரின் மனைவி சொன்னாள்: "பழைய எண்ணெய் முழுசா வடியட்டும். தொடாதீங்க. சாயங்காலம் வந்து நானே மூடிக்கறேன்."

வியாழக்கிழமை காலை, தட்டை எடுக்க அவருடைய அக்கா கை நீட்டியபோது தையல்காரர் குறுக்கே வந்து நின்றார்.

"இருக்கட்டும்க்கா."

"எத்தனை நாளைக்குடா? நாலு டம்ளர் வைக்க இடமில்ல. பிசுக்கு வேற."

"இருக்கட்டும்."

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். டம்ளர்களை ஜன்னல் திட்டில் அடுக்கிவிட்டு முன்னறைக்குப் போய்விட்டாள்.

செவ்வாய் மதியம், வேலை செய்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், மனைவி தலையை மேசையில் சாய்த்தாள். கண் அசருகிறாள் என்று நினைத்து பக்கத்து மேசைக்காரி கொஞ்ச நேரம் எழுப்பவே இல்லையாம். நேற்று எல்லாம் முடிந்தது. செய்தியை ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னது மகள். வந்தவர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டே வந்தார்கள். தையல்காரர் இதுவரை அந்த வார்த்தையை ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஃபோர்க்குக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அது இன்னும் சாயங்காலத்துக்காகக் காத்திருந்தது.

பின்கதவை யாரோ தட்டினார்கள். சைக்கிள் ஸ்பேர்ஸ் கடைக்காரன்; அவளை அவன் அக்கா என்றுதான் கூப்பிடுவான். கையில் ஒரு சின்ன பாக்கெட்.

"அக்கா இருக்காங்களா சார்?"

"இல்ல."

"போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப். ஞாயித்துக்கிழமை மலை ஏறணும், அதுக்குள்ள சீல் வரலன்னா உன்னையே கழட்டிடுவேன்னு மிரட்டியிருந்தாங்க. பயந்துபோய் நானே தூக்கிட்டு ஓடி வந்தேன்." சிரித்தான். "முன்னாடி நிறைய செருப்பு கிடந்துது, அதான் இப்படி வந்தேன். ஏதாவது விசேஷமா?"

"சொந்தக்காரங்க வந்திருக்காங்க."

"அக்கா எப்ப வருவாங்க?"

தையல்காரர் பொய் சொல்லவில்லை. இல்லை என்றுதான் சொன்னார். வீட்டில் இல்லை என்கிற சின்ன அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவன் உள்ளே வந்துவிட்டான்.

"ஐயையோ, திறந்தே போட்டிருக்காங்களே! தூசி ஏறிடும் சார். நான் மூடிக் கொடுத்துடறேன். அக்கா வந்ததும் சைக்கிள்ல மாட்ட வேண்டியதுதான்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் இரண்டு நாளில் இந்த வீட்டுக்குள் அவள் வருவாள் என்று பேசிய ஒரே ஆள் இவன்தான்.

"சரி. உக்காரு," என்றார். இழுப்பறையைத் திறந்து டார்ச்சை எடுத்தார்.

அவள் சைக்கிளைக் கழற்றும்போது டார்ச் பிடிப்பது மட்டும்தான் அவர் வேலை. பத்து வருஷமாக அதற்கும் திட்டு வாங்கியிருக்கிறார். 'லைட்டை எங்க அடிக்கிறீங்க? என் மூக்குலயா சீல் போகுது?' என்பாள். இன்று வெளிச்சம் சரியாகக் குழலின் வாய்க்குள் போய் விழுந்தது. எண்ணெய் கசியாமல் தடுக்கிற பழைய ரப்பர் சீலைக் கடைக்காரன் நெம்பி எடுத்தான். அதற்கடியிலிருந்த ஸ்பாஞ்ச் வளையத்தைப் புது எண்ணெயில் ஊறப் போட்டான். உட்புறத்தைத் துணி விட்டுத் துடைத்தான்.

"நல்லா பிடிக்கிறீங்க சார். நல்ல ட்ரெய்னிங்."

"ம்."

"அக்கா இறக்கத்துல பிரேக்கே தொட மாட்டாங்க, தெரியுமா? நாங்க பசங்க எல்லாம் பின்னாடி அலறிட்டே வருவோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, போன மாசம் ஓடையில தலைகுப்புற விழுந்தாங்க. ஓடிப்போய்ப் பாத்தா தண்ணிக்குள்ள உக்காந்து சிரிக்கிறாங்க. சட்டை தோள்ல இருந்து முழங்கை வரைக்கும் கிழிஞ்சு தொங்குது. 'கவலைப்படாதீங்கடா, எனக்கு வீட்லயே தையல்காரர் இருக்கார்'ங்கறாங்க."

அந்தச் சட்டையை அவர்தான் தைத்தார். கதவு ஆணியில் மாட்டிக்கொண்டது என்றாள். ஆணி இவ்வளவு நீளத்துக்கா கிழிக்கும் என்று கேட்டதற்கு, 'பெரிய ஆணி' என்றாள்.

"அப்புறம்?" என்றார் மறுபடியும்.

மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. "அக்கா வந்ததும் கேட்டுப் பாருங்க சார், ஒத்துக்கவே மாட்டாங்க" என்று கடைக்காரன் குனிந்தபடியே சொன்னது அவள் காதில் விழுந்தது. எதையோ சொல்ல வாய் திறந்தாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். டார்ச் மட்டும் அசையவில்லை. மகள் கதவை மெல்ல ஒருக்களித்துவிட்டுப் போய்விட்டாள்.

புது சீல்களை ஒரு பைப் துண்டு வைத்துத் தட்டி இறக்கினான். கீழ்க்குழல்களை மேல்குழல்களில் பாதிவரை ஏற்றினான். அவள் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த ஊசியில்லாத சிரிஞ்சில் எண்ணெயை அளந்து, அடித்துளை வழியாக இரண்டு பக்கமும் விட்டான். முழுக்க அழுத்தி, போல்ட்டை முடுக்கினான். தையல்காரர் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்சம் மெதுவாகச் செய்யலாமே என்றிருந்தது.

"அவ்வளவுதான். காத்து அடிச்சா முடிஞ்சுது." சின்ன பம்பின் குழாயை வால்வில் திருகினான். "அக்கா எவ்வளவு வெயிட் இருப்பாங்க?"

"எதுக்கு?"

"ஓட்டறவங்க எடைக்குத்தான சார் காத்து. கூட அடிச்சா கல்லு மாதிரி நிக்கும். குறைஞ்சா பொதக்குனு உள்ள போயிடும்."

தோள் பதினாலரை. கை இருபத்தொன்று. கல்யாணமானபோது இருந்த இடுப்பளவு, மகள் பிறந்த பிறகு ஏறியது, சைக்கிள் ஓட்ட ஆரம்பித்ததும் இறங்கியது, எல்லாம் அவருக்கு நாடா இல்லாமலே தெரியும். எடை தெரியாது. அவளை அவர் தூக்கியதே ஒரு தடவைதான். நேற்று. அப்போதும் தோள் கொடுக்க இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள்.

"தெரியலப்பா."

"பரவால்ல சார். குத்துமதிப்பா அடிச்சு வெக்கறேன். அக்காவை ஒரு தடவை சும்மா ஏறி உக்காரச் சொல்லுங்க. குழல்ல மாட்டியிருக்கற இந்த ரப்பர் வளையம் எவ்வளவு நகருதுன்னு பாத்தா போதும், அதுவே சொல்லிடும்."

"உக்கார மாட்டா."

"ஏன் சார், ஊருக்கு எங்கயாவது போயிருக்காங்களா?"

பம்பின் முள் பூஜ்யத்தில் நின்றது. முன்னறையில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம்.

"செத்துட்டா," என்றார் தையல்காரர். "செவ்வாய்க்கிழமையே செத்துட்டா தம்பி."

டார்ச் வெளிச்சத்தை அவர் இன்னும் வால்வின் மேலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.