சிரிப்பவர் திருப்பி அனுப்பப்படுவார்

மார்பில் காயம்பட்டவர்களுக்கான அந்த வார்டில் மொத்தம் பன்னிரண்டு கட்டில்கள். ஏழாவது கட்டில் கண்டக்டருடையது. போர் வருவதற்கு முன்னால் டவுன் பஸ்ஸில் விசில் ஊதிக்கொண்டு நிம்மதியாக இருந்தவன். பதுங்குகுழி சரிந்து மேலே விழுந்ததில் மூன்று விலா எலும்பு போய்விட்டது. இருமினால் உயிர் போகும். தும்மினால் போன உயிர் திரும்பி வந்து இன்னொரு தடவை போகும்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. அறுபது நாள் படுத்தும் தேறாதவனை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்குள் தேறிவிட்டால் மறுபடியும் போர்முனை. கண்டக்டருக்கு அது நாற்பத்தோராவது நாள். வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம். அவன் தினமும் காலையில் விரலை மடக்கி நாளை எண்ணிவிட்டுத்தான் பல்லே விளக்குவான்.

அப்போதுதான் அந்தப் புத்தகப் பெட்டி வந்தது. காயம்பட்ட வீரர்களுக்கென்று ஊர் மக்கள் அன்போடு கொடுத்தது. திறந்து பார்த்தால் கோழி வளர்ப்பு, தையல் கலை, பத்து வருஷத்துக்கு முந்தைய ரயில்வே கால அட்டவணை. அடியில் அட்டை பிய்ந்த ஒரு தடி நாவல். பெயரும் இல்லை, எழுதினவர் யார் என்றும் இல்லை. மூன்றாம் கட்டிலில் இருந்தவர் பள்ளிக்கூட வாத்தியார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அதை அவர் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

கதை இதுதான். ஒரு படைப்பிரிவுக்கு ஒரு பாலத்தைக் காவல் காக்கச் சொல்லி உத்தரவு வருகிறது. போய்ப் பார்த்தால் அங்கே பாலம் இல்லை. ஆறு இருக்கிறது, அதில் தண்ணீரும் இல்லை. பாலம் இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினால், பாலத்தைத் தொலைத்தது யார் என்று விசாரணை வரும். கர்னல் யோசித்துப் பார்த்து, இல்லாத பாலத்துக்கு இரண்டு பக்கமும் காவல் போட்டுவிடுகிறார்.

எட்டாம் கட்டில் பேக்கரிக்காரனுக்கு அடக்க முடியவில்லை. ஆள் பெரிய உருவம், சிரிப்பும் அடுப்பிலிருந்து வருகிற மாதிரி வயிற்றிலிருந்து வரும். "ஐயோ வாத்தியாரே, நிறுத்துங்க, தையல் பிரிஞ்சிரும்" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த நேரம் பார்த்து மேஜர் டாக்டர் உள்ளே வந்தார்.

"நல்லா சிரிக்கிறியே" என்றார்.

"வலிக்குது சார்."

"வலிச்சா எப்படிய்யா சிரிச்ச?"

"சிரிச்சப்புறம்தான் சார் வலிச்சுது."

"அப்ப சிரிக்கும்போது வலி இல்ல" என்று சொல்லி, போர்முனைக்குத் திருப்பி அனுப்பும் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் வார்டுக் கதவில் சுற்றறிக்கை ஒட்டியாயிற்று. மார்பில் காயம்பட்டவர் வாய்விட்டுச் சிரித்தால் முழுமையாகக் குணமடைந்தவராகக் கருதப்பட்டு உடனடியாகப் போர்முனைக்குத் திருப்பி அனுப்பப்படுவார். அதற்குக் கீழே மூன்று முத்திரை.

பேக்கரிக்காரன் மூட்டையைக் கட்டினான். அவனுக்கு அது ஐம்பத்தெட்டாவது நாள். இரண்டே நாள் பாக்கி. போகும்போது கண்டக்டரிடம் வந்து, "டேய், அந்தப் பாலம் கடைசில என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதிப் போடுங்கடா. பாதியில விட்டுட்டுப் போறது, மாவைப் பிசைஞ்சு வெச்சிட்டு அடுப்பு பத்தவெக்காம போன மாதிரி இருக்கு" என்றான்.

"எழுதறேண்ணே."

"நீ படிக்கும்போது சிரிச்சுத் தொலைக்காத. உனக்கு லேசுல சிரிப்பு வந்துரும்."

அது நிஜம். கண்டக்டருக்குச் சின்ன வயசிலிருந்தே சிரிப்பு ஒரு வியாதி. கல்யாணத்தில் தாலி கட்டும்போதே சிரித்துவிட்டு மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

புத்தகத்தை மூடி வைத்துவிடலாம் என்றுதான் பாதிப்பேர் சொன்னார்கள். "அவன் கேட்டுட்டுப் போயிருக்கான்ல" என்றார் வாத்தியார். அன்றிலிருந்து அந்த வார்டு, உலகத்திலேயே சிரிப்பான ஒரு புத்தகத்தைச் சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்து கேட்டது. வாத்தியார் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார். ஒருத்தர் போர்வையைக் கடித்தார். ஒருத்தர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் தன் பஸ் போகிற வழியைத் தலைகீழாக மனசுக்குள் சொல்லுவான். டிப்போ, கோர்ட், பழைய மார்க்கெட், தண்ணீர் டாங்க், பெண்கள் பள்ளி. அதற்கும் அடங்காவிட்டால் பக்கத்துக் காலிக் கட்டிலைப் பார்ப்பான். மடித்து வைத்த போர்வை அப்படியே இருக்கும். சிரிப்பு தொண்டையோடு நின்றுவிடும்.

கண்டக்டருடைய ஐம்பத்தொன்பதாவது நாள் காலையில் மேஜர் டாக்டர் கிளார்க்கைப் பதிவேட்டோடு கூட்டிக்கொண்டு வந்தார். வார்டு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"பதினெட்டு நாளா இந்த வார்டுல ஒருத்தன்கூட தேறல. எப்படி?"

பதினோரு பேரும் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்கள்.

"வாத்தியாரே, அந்தப் புத்தகத்தை எடுங்க. எது ரொம்ப சிரிப்போ அந்தப் பக்கத்தைப் படிங்க. யார் சிரிக்கிறாங்கன்னு நான் பாக்கறேன்."

கண்டக்டருக்கு இன்னும் ஒரே நாள். ஒரு பக்கம். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பக்கத்தைப் பிரித்தார். அவருக்கும் வேறு வழியில்லை.

வறண்ட ஆற்றில் ஒரு கிழவி நடந்து வருகிறாள். காவல்காரன் தடுக்கிறான். ஆற்றில் இறங்கி நடக்கக் கூடாது, பாலத்தின் மேல்தான் போக வேண்டும். "பாலம் எங்கப்பா?" என்று கிழவி கேட்கிறாள். "அது ராணுவ ரகசியம்" என்கிறான் அவன். சரி, எனக்குக் காட்டாதே, நீயே என்னைக் கண்ணைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பக்கம் விட்டுவிடு என்கிறாள் கிழவி. அவன் அவள் கண்ணைக் கட்டுகிறான். பிறகு, பாலத்தைப் பார்க்கத் தனக்கும் அனுமதி இல்லை என்று ஞாபகம் வந்து தன் கண்ணையும் கட்டிக்கொள்கிறான்.

டிப்போ, கோர்ட், பழைய மார்க்கெட். கண்டக்டருக்கு விலாவுக்குள் ஏதோ குதித்தது. தண்ணீர் டாங்க், பெண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி. அடுத்த ஸ்டாப்பிங் மறந்துவிட்டது. காலிக் கட்டிலைப் பார்த்தான். கண்ணில் நீர் முட்டியது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. மூக்கு வழியாக வந்த சத்தம். யார் மாட்டினான் என்று பதினோரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேஜர் டாக்டர்தான். வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எத்தனை மாசத்துச் சிரிப்போ. முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், சுற்றிலும் பதினோரு முகங்கள் கல்லு மாதிரி தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. அவர் முகமும் மெல்ல அப்படியே ஆகிவிட்டது.

கண்டக்டரைப் பார்த்து, "ஏன்யா கண்ணுல தண்ணி?" என்றார்.

"வலிக்குது சார்."

அவருடைய பார்வையும் எட்டாம் கட்டிலுக்குப் போய்விட்டு வந்தது.

கிளார்க் பேனாவைத் திறந்தார். "சார், சிரிச்சவங்க பேரை எழுதணும்."

"யாரும் சிரிக்கல."

"ஒருத்தர் சிரிச்சாங்களே சார்." கிளார்க் நல்ல மனுஷர், பதிவேட்டில் தப்பு வரக் கூடாது என்பது மட்டும்தான் அவர் கவலை.

"அவருக்கு மார்புல காயம் இல்லய்யா. சுற்றறிக்கை அவருக்குப் பொருந்தாது. யாரும் சிரிக்கலன்னு எழுது."

எழுந்து போகும்போது கதவருகே நின்று, "கடைசில அந்தப் பாலம் என்ன ஆகுது?" என்று கேட்டார்.

"இன்னும் அங்க வரல சார்" என்றார் வாத்தியார்.

சுற்றறிக்கையை அவர் கிழிக்கவில்லை. அவர் போட்டதுதான் என்றாலும், கிழிக்க மூன்று முத்திரை வேண்டும்.

அன்று சாயங்காலமே மிச்சத்தைப் படித்து முடித்தார்கள். முடித்தார்கள் என்று சொல்வதும் தப்பு. கடைசிப் பக்கங்கள் இல்லை. யாரோ எந்தக் காலத்திலோ கிழித்திருக்கிறார்கள்.

"இப்ப அவனுக்கு என்னத்தை எழுதறது?" என்றார் வாத்தியார்.

"நான் எழுதறேன்" என்றான் கண்டக்டர்.

அவனுக்குத் தெரிந்ததைத்தான் எழுதினான். வறண்ட ஆற்றில் ஒரு டவுன் பஸ் வருகிறது. பாலத்தின் மேல்தான் போக வேண்டும் என்று காவல்காரன் மறிக்கிறான். "பாலத்துல வேலை நடக்குதுன்னு போர்டு வெச்சு எங்களை இப்படித் திருப்பி விட்டுட்டாங்கப்பா" என்கிறார் டிரைவர். வேலை நடக்கிறது என்றால் பாலத்தை மூடிவிட்டார்கள், மூடின பாலத்துக்குக் காவல் எதற்கு என்று கர்னலுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. கண்டக்டர் விசில் ஊத, மொத்தப் படையும் ஏறிக்கொள்கிறது. உள்ளே போ, உள்ளே போ, படியில் நிற்காதே. ஒவ்வொருத்தனும் அவனவன் வீட்டு ஸ்டாப்பிங்கில் இறங்கிக்கொள்கிறான்.

கடிதத்தின் அடியில் டிப்போ விலாசத்தையும் எழுதித் தபாலில் போட்டுவிட்டு, அறுபதாம் நாள் முடிந்து அவன் வீட்டுக்குப் போனான். பெண் குழந்தை பிறந்தது. இரண்டு மாதம் கழித்து உட்கார்ந்து பார்க்கிற மாதிரி லேசான வேலை கொடுத்து டிப்போவில் சேர்த்துக்கொண்டார்கள்.

கார்டு டிப்போ விலாசத்துக்கே வந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. பேக்கரிக்காரனின் குண்டு குண்டு எழுத்து.

"உன் கடுதாசி வந்தது. குழிக்குள்ள பதினாலு பேர் இருக்கோம். சத்தமாப் படிச்சேன். எல்லாரும் கண்ணுல தண்ணி வர சிரிச்சோம். இங்க ஒரு வசதி தம்பி, எவ்வளவு சிரிச்சாலும் இதுக்கு மேல அனுப்ப இடம் இல்ல. அந்த பஸ் எத்தனை மணிக்குன்னு பசங்க கேக்கறாங்க. எழுது."

கண்டக்டர் நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் படியில் உட்கார்ந்துவிட்டான். அடக்கி வைத்திருந்த அத்தனை நாள் சிரிப்பும் வந்தது. விலாவில் சுரீரென்று பிடித்தது. கையால் அழுத்திக்கொண்டான், அப்படியும் நிற்கவில்லை.

டிரைவர் டீ கிளாஸோடு ஓடி வந்தார். "என்னப்பா, வலிக்குதா?"

"வலிக்குதுண்ணே."

"வலிச்சா எப்படிய்யா சிரிக்கிற?"

கண்டக்டர் கார்டை அவரிடம் நீட்டினான். அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே சட்டைப்பையில் பேனாவைத் தேடினான். முதலில் நேரத்தை எழுத வேண்டும். காலை ஆறு மணி, எல்லோருக்கும் சௌகரியப்படும்.